மாவுக்கடைக்கு லீவு விடலாமா? சொந்தக் கடை, சோலி, ஒறக்கம்

பாளை மாவு | 06.05.2025, இரவு 10:52

பாளையங்கோட்டையில இட்லி மாவுக் கடை. பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர் ரெண்டு. நாளுக்கு 80 கிலோ மாவு, கிலோ 45 ரூபாய். காலை மூன்றரைக்கு ஆட்ட ஆரம்பிச்சா ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர். ஏழு நாளும் இதே கதை. உதவிக்கு ஒரு அக்கா பாதி நாள் வாராங்க, 250 ரூபாய்.

மதியம் ரெண்டு மணி நேரம் ஒறங்கணும். வாரத்துல அரைநாளாவது கடையைச் சாத்தணும். மாவு யாவாரத்துல இது நடக்குற காரியமா? லீவு விட்டா வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போயிரும்னு சொல்லுதாங்க.

டவுன் பலசரக்கு | 06.05.2025, இரவு 11:20

போயிரும். அதுல சந்தேகமே இல்ல. பூட்டின கடைக்கு ரெண்டு தடவை வந்தவன் மூணாவது தடவை வர மாட்டான்.

மேலப்பாளையம் கிரைண்டர் | 07.05.2025, காலை 5:40

லீவுப் பேச்சு அப்புறம். மொதல்ல, மூன்றரைக்கு எதுக்கு ஆட்டுதீங்க? அதைச் சொல்லுங்க.

காலை ஆறு மணிக்கு வாரவருக்கு வேண்டியது பொங்கின மாவு. மூன்றரைக்கு ஆட்டுனது ஆறு மணிக்குப் பொங்காது. இந்த வெயிலுக்கே அஞ்சாறு மணி நேரம் வேணும், மார்கழியில பத்து மணி நேரத்துக்கு மேல. அப்ப காலையில விக்கிறது முந்தின நாள் மாவுதான். மூன்றரைக்கு ஆட்டுறது சாயங்கால யாவாரத்துக்கு. சாயங்கால மாவுக்கு நடுராத்திரியில எந்திரிக்க வேண்டாம்.

கணக்கு இது. ஒரு பங்கு உளுந்துக்கு நாலு பங்கு அரிசி. காய்ந்த பொருள் 5 கிலோ போட்டா பத்து, பதினோரு கிலோ மாவு கிடைக்கும். 80 கிலோ மாவுக்கு அரிசி முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் கீழ, உளுந்து ஏழரை. பத்து லிட்டர் கல்லுல அரிசி 5 கிலோ ஒரு நடை. உளுந்து பொங்கி வரும், இரண்டரை கிலோவுக்கு மேல போடக் கூடாது. ஆக ஒன்பது நடை. ரெண்டு மிஷின், நடைக்கு நாற்பது நிமிஷம்னா மூணு மணி நேரம், கழுவுறதோட மூன்றரை. இந்த மூன்றரை மணி நேரத்தை எங்கே வைக்கிறதுங்கறதுதான் உங்க கேள்வி.

அரிசியை காலை அஞ்சரைக்கு ஊறப் போடுங்க. உளுந்து எட்டரைக்கு. ஒன்பதரைக்கு ஆட்ட ஆரம்பிச்சா ஒரு மணிக்கு முடியும். உதவிக்கு வார அக்காவோட பாதி நாளையும் இந்த நேரத்துக்கே மாத்திருங்க.

ஆட்டுனதுல ஒரு பாதி நேரா குளிருக்கு, அது சாயங்காலம் புதுமாவா விக்கும். வாங்கிட்டுப் போறவங்க ராத்திரி வெளிய வச்சா விடியும்போது பொங்கியிருக்கும். மறுபாதி வெளிய இருந்து பொங்கி, ராத்திரி குளிருக்குப் போகும். அது நாளைக் காலை ஆறு மணி யாவாரத்துக்கும் நாளைச் சாயங்காலத் தோசைக்காரங்களுக்கும்.

வண்ணார்பேட்டை கணக்கு | 07.05.2025, காலை 9:15

மேல உள்ளதுக்கு 40, 50 கிலோ மாவு நிக்கிற அளவு குளிர்பெட்டி வேணும். வீட்டு ஃப்ரிட்ஜ் தாங்காது. கண்ணாடிக் கதவு வச்ச விசி கூலர் 300 லிட்டராவது. பழசு வாங்குறதா இருந்தா கதவு ரப்பரையும் கம்ப்ரசர் சத்தத்தையும் பாருங்க. கதவுல ஒரு தாளை வச்சு மூடி இழுங்க. சுலபமா வந்துச்சுன்னா ரப்பர் போச்சு.

மேலப்பாளையம் கிரைண்டர் | 07.05.2025, மதியம் 2:05

கூலர் வாங்குறவங்க எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. பத்து கிலோ மாவை ஒரே ஆழமான போணிப் பாத்திரத்துல ஊத்தி உள்ள வச்சா ஓரம் குளிரும், நடு மணிக்கணக்கா சூடாவே இருக்கும். நடுவுல புளிச்சுப் பொங்கி, மூடியைத் தள்ளிட்டு வழிஞ்சு, காலையில கூலரைக் கழுவுற சோலி வேற. அகலப் பாத்திரம் எடுங்க. மாவோட உயரம் நாலு விரக்கடைக்கு மேல வேண்டாம். இல்லைன்னா ஒரு கிலோ பாக்கெட்டாப் போட்டுப் படுக்க வச்சிருங்க, அதுதான் சீக்கிரம் குளிரும். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா பழையபடி போணிதான். பின்பக்கத்துல காத்து ஓட மூணு விரல் இடம் விடணும்.

குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. மாவு நடுவுல 4, 5 டிகிரி காட்டணும். கூலர் வாசல்ல தெரியுற நம்பர் காத்தோட சூடு, மாவோட சூடு இல்ல.

தச்சை | 07.05.2025, இரவு 9:48

பகல்ல ஆட்டுனா மாவு சூடாகும் அண்ணாச்சி. கத்திரியில கல்லு தொட்டாலே சுடுது. பெரியவங்க விடியக்காலம் ஆட்டுனதுக்குக் காரணம் இருக்கு.

மேலப்பாளையம் கிரைண்டர் | 08.05.2025, காலை 5:30

காரணம் சரிதான். அதுக்குத்தான் ஐஸ். உளுந்துக்கு ஊத்துற தண்ணியில மூணுல ஒரு பங்கு ஐஸாப் போடுங்க. கட்டியாப் போடாதீங்க, குழவி தட்டும். கரைஞ்சும் கரையாத நிலையில ஊத்தணும். ஆட்டும்போது ஊத்துற தண்ணியை முந்தின நாள் ராத்திரியே கூலர்ல வச்சுக்கிட்டா ஐஸ் செலவும் பாதியாகும். அரிசிக்கு அந்தளவு வேண்டாம், ஆட்டுற நேரம் குறைவு.

இன்னொண்ணு. அஞ்சரைக்கு ஊறப் போட்ட அரிசி ஒன்பதரைக்குச் சரியா வரும். கடையில கூட்டம்னு பதினொண்ணு வரைக்கும் தள்ளுனா இந்த வெயிலுக்குத் தண்ணி வாடை அடிக்கும். அப்படித் தள்ளுற நாள்ல நடுவுல ஒரு தடவை தண்ணியை மாத்திருங்க. உளுந்து ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒன்றரை. அதுக்கு மேல ஊறினா உபரி குறையும்.

டவுன் பலசரக்கு | 08.05.2025, காலை 7:02

இவ்வளவு சோலி பார்த்துத்தான் ஓய்வு எடுக்கணுமா? இருட்டுக்கடை அல்வாக்காரங்க சாயங்காலம் மட்டுந்தான திறக்காங்க, அது மாதிரி நாமளும் திறந்தா என்ன?

வண்ணார்பேட்டை கணக்கு | 08.05.2025, காலை 10:31

அல்வா நெய்யும் சீனியும் சேர்ந்த பண்டம், நாள் கணக்கில் நிக்கும். மெட்ராஸிலிருந்து வர்றவர் காத்திருந்து வாங்குவார். மாவு வாங்குறவர் செருப்பு மாட்டிக்கிட்டு நடக்குற தூரத்துல இருந்து வர்றார், அடுப்புல கல்லை வச்சிட்டு வர்றவரும் உண்டு. அதோட, சாயங்காலம் திறக்குற கடைன்னா பகல்ல சும்மா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல. சம்பா கோதுமை ஊறணும், ஆட்டிப் பால் எடுக்கணும், பால் தெளியணும், பிறகு மணிக்கணக்கா கிண்டணும். வாசல் திறந்திருக்குற நேரம் வேற, சோலி நேரம் வேற.

இந்த ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க. உங்க கடையில வாசல் நேரம் பதினஞ்சரை மணி. அதுல எத்தனை மணி நேரத்துல உண்மையா யாவாரம் நடக்கு? ஒரு அட்டையில மணிக்கணக்கா கோடு போட்டுக் கல்லாப் பக்கத்துல தொங்க விடுங்க. ஒரு கிலோவுக்கு ஒரு கோடு. கிழமையும் எழுதணும். ஜிபே வரவுல நேரம் தானா வரும், ரொக்கத்துக்குத்தான் கோடு. ரெண்டு வாரம் போதும்.

பாளை மாவு | 24.05.2025, இரவு 10:10

கோடு போட்ட கணக்கு, சராசரி நாளுக்கு:

காலை 6 முதல் 9 வரை 22 கிலோ
9 முதல் 1 வரை 6
1 முதல் 4:30 வரை 3
4:30 முதல் 8:30 வரை 46
8:30 முதல் 9:30 வரை 3

சனிக்கிழமை 105 கிலோ வரைக்கும் போகு. புதன் 64. மத்த நாளெல்லாம் நடுத்தரம்.

வண்ணார்பேட்டை கணக்கு | 25.05.2025, காலை 6:50

இப்ப பேசலாம். அரிசி 42, உளுந்து 130னு வச்சா பொருள் கிலோ மாவுக்கு 27, 28 ரூபாய். கரண்ட், பாக்கெட், தண்ணி நாலு ரூபாய். 45ல 13 மிஞ்சும். 80 கிலோவுக்கு 1,040. உதவிக்கு 250. வாடகை மாசம் 4,000னு வச்சா நாளுக்கு 133. கையில நிக்கிறது 650 சொச்சம். பதினெட்டு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 36 ரூபாய். வீட்டாளும் கூட நிக்கிறாங்கன்னா ஆளுக்குப் பதினெட்டு. அந்த அக்காவுக்கு நீங்க குடுக்குறது இதைவிட ஜாஸ்தி.

மதியம் ஒண்ணு முதல் நாலரை வரைக்கும் மூணு கிலோ, 39 ரூபாய். ராத்திரி கடைசி ஒரு மணி நேரம் இன்னொரு 39. இந்த 78 ரூபாய்க்கு நாலரை மணி நேரம் நிக்கிறீங்க. அந்த ஆறு கிலோவும் மொத்தமாப் போகாது, பாதிப்பேர் நேரம் மாத்தி வந்திருவாங்க.

மதியம் சாத்துங்க, ராத்திரி எட்டே முக்காலுக்கு சாத்துங்க. இதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

டவுன் பலசரக்கு | 25.05.2025, காலை 8:15

மாவுக்கடைக்குச் சரி. பலசரக்குக்கு அந்தக் கடைசி மணி நேரம் முக்கியம் வே. பீடி, தீப்பெட்டி, பால், கொசுவத்தி எல்லாம் ஒன்பது மணிக்குத்தான் ஞாபகம் வரும் சனங்களுக்கு. ஆனா மதியம் ஒன்றரைக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறக்குறது பழைய வழக்கந்தான். இடையில கெட்டுப் போச்சு.

தையக்கார அக்கா | 26.05.2025, மதியம் 3:12

மதியம் சாத்துறவங்க போர்டுல திறக்குற நேரத்தை எழுதுங்க. 'மதிய இடைவேளை'ன்னு மட்டும் எழுதினா ஷட்டரைத் தட்டுவாங்க. '4:30க்குத் திறக்கும்'னு கொட்டை எழுத்துல எழுதினா தட்ட மாட்டாங்க. எழுதினபடி திறக்கணும். நாலே முக்காலுக்குத் திறந்தா அடுத்த நாளே நாலு மணிக்குத் தட்ட ஆரம்பிச்சிருவாங்க. வாட்ஸப் பிசினஸ்ல கடை நேரத்தைப் போட்டு, சாத்தியிருக்கும்போது தானாப் பதில் போற மாதிரி வைக்கலாம். கூகுள் மேப்லயும் அதே நேரம் இருக்கணும்.

மேலப்பாளையம் கிரைண்டர் | 28.05.2025, காலை 5:45

அரைநாளுக்கு வருவோம். புதன்தான், சந்தேகமே வேண்டாம். ஆனா புதன் சாயங்காலத்துக்கு மட்டும்னு லீவு விடாதீங்க, காலை யாவாரம் முடிஞ்சு ஒன்பதரைக்குச் சாத்துனா வியாழன் காலை ஆறு மணி வரைக்கும் உங்களுது. ஆட்டுற சோலியும் அன்னைக்கு இருக்கக் கூடாது. இல்லைன்னா அது லீவு இல்ல, கதவு சாத்தின வேலை நாள்.

செவ்வாய் ஆட்டும்போது அஞ்சு நடை கூட ஓட்டுங்க. கூடுதலா நாற்பத்தஞ்சு கிலோ வரும், ஒன்றே முக்கால் மணி நேரம் கூட ஆகும். அதை முழுசாப் பொங்க விடாதீங்க. முக்காப் பொங்கல்ல, மாவு மேல சின்னச் சின்னக் குமிழி தெரிஞ்சு பாத்திரத்துல ரெண்டு விரல் ஏறினதும், கலக்காம குளிருக்குத் தள்ளிருங்க. கலக்குனா காத்து போயிரும். வியாழன் காலையில எடுக்கும்போது நாற்பது மணி நேர மாவு. தோசைக்கு அருமையா இருக்கும், இட்லிக்குச் சுமார். வாங்குறவங்ககிட்ட அதைச் சொல்லியே குடுங்க. சோடா உப்புப் போட்டு மறைக்காதீங்க, நாக்கு கண்டுபிடிச்சிரும்.

புதன் சாயங்கால யாவாரத்துக்கு வழி: பக்கத்துல ரெண்டு பலசரக்குக் கடையில ஒரு கிலோ பாக்கெட் பதினஞ்சு பதினஞ்சு வைங்க. பாக்கெட்டுக்கு நாலு ரூபாய் கமிஷன். உங்களுக்கு ஒன்பது நிக்கும். கடை சாத்தியிருக்கும், மாவு விக்கும்.

டவுன் பலசரக்கு | 28.05.2025, காலை 7:30

நாலு ரூபாய்க்கு எவன் வைப்பான்? அஞ்சு குடுங்க. விக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கணும்.

அதோட ஒரு சங்கதி யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை அணைச்சுட்டுப் போற கடை உண்டு. குளிர்பானத்துக்கு அது பரவாயில்ல. உங்க மாவு காலையில பலூன் மாதிரி ஊதிக் கெடக்கும். வாடிக்கை திட்டுறது உங்களைத்தான். அதனால புதன் ராத்திரி மிச்சத்தை அவங்க கடையில விடாதீங்க. கடை அடைக்கிறதுக்கு முன்னால யாரையாவது அனுப்பி எடுத்துருங்க. பாக்கெட்டுல மேல கால்வாசி காலியா விட்டு ஒட்டணும்.

மேலப்பாளையம் கிரைண்டர் | 28.05.2025, காலை 7:41

அஞ்சு ரூபாய்க்கு ஒத்துக்கிடுதேன். ஃப்ரிட்ஜ் விஷயம் அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு.

சந்தேகம் சாமி | 02.06.2025, இரவு 11:55

வாரம் ஒருநாள் கடை அடைக்கணும்னு சட்டமே இருக்குல்லா?

வண்ணார்பேட்டை கணக்கு | 03.06.2025, காலை 9:40

சட்டம் இருக்கு. 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். வேலையாளுக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நாலு மணி நேரத்துக்கு மேல வேலைன்னா நடுவுல ஒரு மணி நேர இடைவேளை. வாரம் ஒருநாள் விடுமுறை. 2021ல அதுல திருத்தம் கொண்டு வந்து, கடையில நிக்கிறவங்களுக்கு உட்கார இருக்கை போடணும்னு சேர்த்தாங்க. முதலாளி எத்தனை மணி நேரம் நிக்கலாம்னு எந்தப் பிரிவும் சொல்லல.

சந்தேகம் சாமி | 03.06.2025, காலை 9:52

முதலாளிக்குத்தான் சங்கம் இல்ல போல.

தையக்கார அக்கா | 03.06.2025, மதியம் 2:20

ஸ்டூலை உங்களுக்கும் போட்டுக்கோங்க. நின்னே யாவாரம் பாக்குறவங்களுக்குக் கால் நரம்பு சுருளும். கல்லாவுக்குக் கீழ ஒரு சாண் உயரத்துல கட்டை ஒண்ணு போட்டு, கால் மாத்தி மாத்தி அதுல வச்சு நில்லுங்க. சிமெண்ட் தரையில ரப்பர் மேட். தைக்கிறவங்களுக்கு இதுக்கு நேர் எதிர்: முக்கால் மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு நடக்கணும், இல்லைன்னா இடுப்பு போச்சு.

பாளை ஆஸ்பத்திரி ரோடு | 03.06.2025, இரவு 8:30

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரம் 35, 40 மணி நேரம் வேலை பாக்குறவங்களோட ஒப்பிட்டா 55 மணியும் அதுக்கு மேலயும் பாக்குறவங்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால சாகுற ஆபத்து 17 சதவீதம் கூடுதல். கேள்வி கேட்டவர் கணக்கு வாரம் 126 மணி.

மதிய ஒறக்கம்: அரைமணிக்குள்ள முடிங்க, இல்லைன்னா ஒன்றரை மணி நேரம் முழுசா ஒறங்குங்க. நடுவுல ஒரு மணி நேரத்துல எழுப்பிவிட்டா தலை பாரமா இருக்கும், சாயங்காலம் சிடுசிடுப்பு. மூன்றரைக்கு மேல ஒறங்கினா ராத்திரி ஒறக்கம் தள்ளும்.

கல்லு கொத்துறவன் மவன் | 11.06.2025, காலை 6:15

எல்லாரும் நேரத்தைப் பேசுதீங்க, கல்லைப் பேச மாட்டேங்குதீங்க. நாற்பது நிமிஷ நடை அம்பத்தஞ்சு நிமிஷமாச்சுன்னா கல்லு வழவழன்னு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். ஒன்பது நடைக்குப் பதினஞ்சு பதினஞ்சு நிமிஷம், ரெண்டு மிஷின்ல நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வெட்டியாப் போகு. மதிய ஒறக்கத்தை அந்தக் கல்லு தின்னுது.

சோதிக்கிற விதம்: கல்லைக் காய வச்சு உள்ளங்கையை வச்சுத் தேய்ங்க. நறநறன்னு பிடிக்கணும். கண்ணாடி மாதிரி வழுக்குனா கொத்தணும். அரிசி மாவு விரலுக்கு ரவை மாதிரி தட்டாம மையா வருதுன்னாலும் அதேதான். கல்லு அறுக்காம நசுக்கிட்டு இருக்கு, மாவும் சூடாகும். கொத்தினதும் முதல் நடை நொறுங்கின அரிசியோ தவிடோ போட்டு ஓட்டிக் கொட்டிருங்க, ரெண்டாவது நடையும் அப்படித்தான். பொடிக்கல்லு மாவுல வந்தா வாடிக்கை பல்லுல தட்டும். ரெண்டு கல்லையும் ஒரே நாள்ல கொத்தக் கூடாது, ஒண்ணு ஓடட்டும்.

மேலப்பாளையம் கிரைண்டர் | 11.06.2025, காலை 6:50

இதைத்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும். கூடவே பெல்ட். நடுவுல கட்டைவிரலால அமுக்குனா அரை அங்குலம் இறங்கலாம். அதுக்கு மேல தொங்குனா பாரத்துல நழுவும், ரப்பர் கருகின வாடை வரும், நடை நேரம் கூடும். பெல்ட் மேல அச்சடிச்சிருக்குற நம்பரை எழுதி வச்சு அதே நம்பர்ல ஒண்ணு வாங்கி ஆணியில மாட்டுங்க. சனிக்கிழமை ஆட்டும்போது அறுந்துச்சுன்னா அன்னைக்கு 105 கிலோவும் ஒத்த மிஷின்ல.

பெல்ட்டுக்கு மூடி இல்லாம ஓட்டுற கடை எக்கச்சக்கம். ஒறக்கம் கெட்ட மூன்றரை மணிச் சோலியில முந்தானை மாட்டுறது, லுங்கி மாட்டுறது எல்லாம் அங்கதான். மூடியைப் போடுங்க. ஈரத் தரை, அதனால 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா அணையுற சுவிட்ச்) கட்டாயம். மாசம் ஒரு தடவை அதுல உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாக்கணும். விழலைன்னா மாத்தணும்.

வண்ணார்பேட்டை கணக்கு | 19.06.2025, இரவு 9:05

ஒண்ணு விட்டுப் போச்சு. தண்டல், அதான் தினத்தவணைக் கடன், வாங்கியிருக்கீங்களா? லீவு விட முடியலன்னு சொல்ற கடையில முக்காவாசிக்கு அடியில அதுதான் இருக்கு. பத்தாயிரம்னு எழுதி 8,500 கையில குடுப்பான். நாளைக்கு நூறு, நூறு நாள். வட்டி 1,500தானேன்னு தோணும். அசல் தினமும் குறையுதுல்லா, அதை வச்சுப் பாத்தா வருஷத்துக்கு 100 சதவீதத்துக்கு மேல போகும். வட்டியைவிட மோசம், சாயங்காலம் ஆள் வந்து வாசல்ல நிப்பான். அவனுக்காகக் கடை திறந்திருக்கணும், அன்னைக்கு விக்காட்டியும் குடுக்கணும்.

கந்துவட்டிக்கு எதிரா 2003லயே மாநிலச் சட்டம் இருக்கு. வழக்குக்குப் போறதுக்கு முன்னால தவணையை மாசத்துக்கு மாத்துற வழியைப் பாருங்க. வங்கியில முத்ரா சிசு கடன் 50,000 வரைக்கும், அடமானம் கிடையாது. கூலர் வாங்குறதுக்கும் விலைப்புள்ளி வச்சு அதுலயே கேக்கலாம்.

பாளை மாவு | 19.06.2025, இரவு 10:40

இருந்துச்சு. ரெண்டு. ஒண்ணு முடியப் போகு.

வண்ணார்பேட்டை கணக்கு | 20.06.2025, காலை 7:10

முடிஞ்ச பிறகும் அந்த நூறு ரூபாயை தினமும் எடுத்துத் தனி டப்பாவுல போடுங்க. பழகின கைதான, வலிக்காது. பதினஞ்சு நாள் கடைச் செலவு சேர்ற வரைக்கும் அதைத் தொடாதீங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கம் தண்ணி புகுந்தப்ப கடைகளுக்கு இது எதுக்குன்னு தெரிஞ்சுச்சு. அந்தப் பணம் இருந்தாத்தான் காய்ச்சல் வந்த அன்னைக்குக் கடையைச் சாத்தத் துணிவு வரும்.

டவுன் பலசரக்கு | 10.07.2025, இரவு 9:58

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் முடிஞ்சாச்சு. நாலு ரதவீதியிலயும் சரக்கு வண்டி வராது, தேர் நிலைக்கு வாரவரைக்கும் யாவாரம் தண்ணிப் பந்தல்காரங்களுக்குத்தான். அந்த மாதிரி நாளை முன்கூட்டியே காலண்டர்ல வட்டம் போட்டு லீவா வச்சுக்கலாம்ல, கேட்டவங்க பாளையா இருந்தாலும்?

மேலப்பாளையம் கிரைண்டர் | 11.07.2025, காலை 5:50

பாளைக்கு வேற வட்டம். பங்குனி உத்திரம். பாதி ஊரு சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிருது, மாவு யாருக்கு? உங்க குடும்பமும் போகணும். சொந்தக் கோயில் கொடை (திருவிழா) வந்தா ரெண்டு மூணு நாள், அதுக்கு ஒரு வாரம் முன்னாலயே போர்டு. ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தையனார் கோயில் போறவங்க இருக்காங்க. ஆனா உங்க தெருவுல கொடைன்னா நிலைமை தலைகீழ்: விருந்தாளி வருவாங்க, மாவு ரெண்டு மடங்கு போகும். அன்னைக்குச் சாத்திராதீங்க.

மாசாந்திர மின்தடையும் அப்படித்தான். பேப்பர்ல முந்தின நாள் வந்திரும். காலை ஒன்பதுக்குப் போனா மதியம் ரெண்டு வரைக்கும் கிரைண்டர் ஓடாது. புது நேரப்படி நீங்க ஆட்டுற நேரமே அதுதான். அதனால மாசத்துல அந்த ஒரு நாள் மட்டும் பழையபடி விடியக்காலம் எந்திரிக்கணும், இல்லைன்னா முந்தின நாள் கூட ஆட்டணும். கூலர் கதவைத் திறக்காம இருந்தா அஞ்சு மணி நேரம் தாங்கும்.

தையக்கார அக்கா | 24.09.2025, மதியம் 1:40

தீபாவளிக்கு நாலு வாரம்கூட இல்ல. தையல் கடைக்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வார்த்தை. ஒரு ஆள் நாளுக்குச் சாதா ஜாக்கெட் அஞ்சு, லைனிங் வச்சது மூணு. மிச்சம் இருக்குற நாளை அதால பெருக்கி, அதுல ஐந்துல நாலு பங்குக்கு மட்டும் ஆர்டர் எடுங்க. மீதி ஒரு பங்கு ஆல்டரேஷனுக்கும், 'அக்கா ஒண்ணே ஒண்ணு'ன்னு வாரவங்களுக்கும். நோட்டுல தேதிக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு அத்தனை வரிதான் கோடு. வரி நிறைஞ்சா அடுத்த பக்கம். வாய்க்கணக்குல வாங்குனா கடைசி ஆறு ராத்திரி ஒறக்கம் கிடையாது. பிளவுஸ் கை மாத்தித் தைக்கிறது எல்லாம் அந்த ராத்திரியிலதான் நடக்கும்.

பாளை மாவு | 25.09.2025, இரவு 9:15

மதியம் சாத்துறதுல சிக்கல் இல்ல. புதன் நடந்துட்டு இருக்கு, அண்ணாச்சி கடை ரெண்டுலயும் சேர்த்து 24, 26 பாக்கெட் போகு. சனிக்கிழமைதான் இடிக்கு. 105 கிலோவுக்குப் பன்னிரண்டு நடை, ஒரு மணிக்கு முடிய மாட்டேங்கு, ரெண்டரை ஆகு.

கல்லு கொத்துறவன் மவன் | 25.09.2025, இரவு 9:31

உளுந்து நடை எத்தனை?

பாளை மாவு | 25.09.2025, இரவு 9:33

நாலு. ரெண்டே கால், ரெண்டரை கிலோவாப் போடுதோம்.

மேலப்பாளையம் கிரைண்டர் | 26.09.2025, காலை 5:35

சனிக்கிழமை உளுந்தை வெள்ளி சாயங்காலமே ஆட்டிருங்க, உப்புப் போடாம. நாலரைக்குக் கடை திறக்கும்போது ஒரு மிஷின் பின்னால ஓடட்டும், அக்கா பாத்துக்கிடுவாங்க, கூட மூணு மணி நேரத்துக்குத் தனியாக் குடுத்துருங்க. ஆட்டுன உளுந்தை உடனே அகலப் பாத்திரத்துல குளிருக்கு அனுப்பணும். சனி காலையில அரிசி எட்டு நடை மட்டும், ரெண்டு மிஷின்ல மூணு மணி நேரத்துக்குள்ள முடியும். கலக்கும்போது குளிர்ந்த உளுந்தும் புது அரிசி மாவும் சேருறதால பொங்க ஒரு மணி நேரம் கூட எடுக்கும், அதை மட்டும் கணக்குல வச்சுக்கோங்க. கையால அடிமட்டம் வரைக்கும் புரட்டிக் கலக்கணும். கரண்டியால கலக்குனா உளுந்து திட்டுத் திட்டா நிக்கும்.